அல்லி நோட்டு

ஆக்சிலியாவின் ஜெராக்ஸ் கடை கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. எந்தப் பிள்ளை படிக்கிறது, எது ஊரை ஏமாற்றுகிறது என்று வாத்தியார்களுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு தாவரவியலில் நோட்டு என்றால் அல்லி நோட்டுதான். இருபத்திரண்டு பேர் வகுப்பில் எழுதுவது அல்லி ஒருத்தி. மற்ற இருபத்தொரு பேரும் காப்பி.

அந்த அல்லிக்கு ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து தொலைத்தது. அவள் அப்பா மருதையன் கோட்டுச்சேரியில் நடவைப் பாதியில் விட்டுவிட்டு, காலில் சேறு காயாமல் கடைக்கு வந்து நின்றார்.

"டாக்டர் சீட்டு காட்டி அட்டெண்டன்ஸ சரிபண்ணிட்டேம்மா. நோட்டுதான் கெடைக்கல. இந்தப் பரீட்ச போச்சுன்னா அவ அம்மா படிக்க வுட மாட்டா. படிச்சது போதும், ஒடம்பப் பாருன்னுட்டா."

ஆக்சிலியா வகுப்புப் பிள்ளைகளை மறித்துக் கேட்டாள். ஒருவரிடமும் ஒரு வரி இல்லை.

"அல்லி எழுதிருப்பான்னு வுட்டுட்டோம்க்கா" என்றான் ஆதவன்.

"அடப்பாவி, அவதான் படுத்துக் கெடக்காளே!"

அவன் தலையைச் சொறிந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் இதே கல்லூரியில் சேர்ந்தவள்தான். முதலாம் ஆண்டில் டைபாய்டு வந்து ஆறு வாரம் கிடந்தாள். ஒரு நாதி எட்டிப் பார்க்கவில்லை. விட்டதைப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்டாள். பதினாலு வருஷம் ஆகியும் அந்த வாசலைப் பார்த்தால் வயிறெரியும்.

மறுநாள் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். அல்லியின் பழைய நோட்டு அவளிடம்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு நாள் பாடத்தை எழுதிக் கொடுத்தால்தான் இனி அதில் காப்பி என்று எழுதியிருந்தாள்.

"இது என்னக்கா அநியாயம்?"

"அநியாயந்தான். வேற கடைக்குப் போ, அங்க அல்லி நோட்டு இருக்கான்னு பாரு."

முனகிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்கள். போனில் பிடித்து வைத்திருந்த கரும்பலகைப் படங்களைத் தோண்டியெடுத்து, விட்டுப்போன நாட்களையும் நிரப்பினார்கள். கோழிக் கிறுக்கலாக வந்ததை அவள் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தாள். தேறிய தாள்கள் மருதையன் கையில் பஸ் ஏறிப் போயின.

கடைசிப் பாடம் மிஞ்சியது. மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை அதை நடத்துவதாகச் சிவநாதன் சார் சொல்லியிருந்தார். அன்றைக்கு எழுதும் முறை ஆதவனுடையது. காலையிலேயே போன் வந்தது.

"அக்கா, இங்க செம மழ. பஸ்ஸே வரல."

"ஒன்னப் போயி நம்புனேன் பாரு!"

ஷட்டரை இறக்கினாள். காகிதத்தையும் பேனா, பென்சில், ரப்பரையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நனைந்தபடி ஓடினாள். வகுப்பு காலி. சார் குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் வரலம்மா."

"நான் வந்துருக்கேன்ல சார்."

"நீயா? ஒனக்கு என்ன புரியும்?"

"புரியாட்டியும் எழுதுவேன் சார். புரிஞ்சுக்குற பொண்ணு கோட்டுச்சேரியில படுத்துருக்கு."

அவர் குடையை மாட்டிவிட்டு சாக்பீஸை எடுத்தார். அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் ஒரு சொல் விடாமல் எழுதினாள். விதையின் குறுக்குவெட்டுப் படத்தை மட்டும் மூன்று தரம் அழித்து வரைந்தாள்.

அல்லி அந்தப் பரீட்சையை எழுதித் தேறியும் விட்டாள். பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். உடம்பு பாதியாகி, தாள்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தாள். ஒவ்வொரு தாளும் யார் கையெழுத்து என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசிப் பாடத்தில் நின்றாள்.

"இது யாரு எழுத்துக்கா?"

"எவளோ ஒருத்தி. தப்பிருந்தா அடிச்சுத் திருத்திக்க."

அல்லி படத்தைப் பார்த்தாள்; ஆக்சிலியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு தப்பும் இல்லக்கா. இதுல இருபத்தோரு காப்பி போடுங்க. கிளாஸ்ல யாருகிட்டயும் இது இல்ல."

ஆக்சிலியா தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அந்த இயந்திரத்தில் எத்தனையோ ஆயிரம் நோட்டு போட்டிருக்கிறாள். அவள் எழுதியது ஒன்று அதில் போவது அன்றைக்குத்தான். முதல் காப்பி சூடாக வந்து விழுந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நிக்காதடி, அந்த நாற்காலியில உக்காந்து படி" என்றாள்.