வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பெரில் பேர் கொடுத்தது கடற்கரைக்குத்தான். வெஸ்டன் கடற்கரை, மணலில் கொஞ்ச நடை, பொரித்த மீன், சாயங்காலம் வீடு. ஜூன் மாதத்தில் மழை இல்லாத ஒரு புதன்கிழமை இங்கிலாந்தில் எங்கள் பக்கத்தில் வாய்ப்பது அபூர்வம். தேவாலயத்து மதியச் சாப்பாட்டுக் கூட்டத்திலிருந்து இருபத்தாறு பேர் பஸ் ஏறினார்கள். எல்லாருக்கும் அறுபது தாண்டியாயிற்று. எல்லார் பையிலும் ஒரு ஃபிளாஸ்க், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மழைக்கோட்டு.

பஸ் நெடுஞ்சாலையைத் தொட்ட பிறகு நோரீன் எழுந்து மைக்கை வாங்கினாள். நோரீன் பெரிலின் பக்கத்து வீட்டுக்காரி. கூட்டத்துக்குத் தலைவி என்று யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

"எல்லாரும் கேளுங்க. முன்னால ஒரு லாரி கவுந்து கெடக்காம். வெஸ்டன் போய்ச் சேர மத்தியானம் மூணு ஆயிடுமாம். அதனால நம்ம கிளைவ் பஸ்ஸை பழைய வீட்டு மியூசியத்துக்கு விடுறாரு. பெரில் பொறந்த வீடே அங்கதானே நிக்குது. அவ அண்ணன் வில்ஃப்தான் சுத்திக் காட்டுறவரு. போன் பண்ணிச் சொல்லிட்டேன், மனுசன் சந்தோசத்துல பேச்சே வராம நிக்கிறாரு."

எல்லாரும் கை தட்டினார்கள். பெரில் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

இந்தப் பழைய வீட்டுப் பைத்தியம் எங்கள் ஜனங்களுக்கு ரத்தத்திலேயே உண்டு. சாலை அகலப்படுத்த ஒரு வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், வேலை வெட்டியை விட்டுவிட்டு ஓடுவார்கள். உத்தரம் உத்தரமாகக் கழற்றி, கட்டைக்கு ஒரு நம்பர் போட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு புல்வெளியில் மறுபடி நிறுத்துவார்கள். ஆலைக்காரன் வீடு, காற்றாலை, சுங்கச் சாவடி, சிறைக்கொட்டடி எல்லாம் அந்தப் புல்வெளியில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. டான்டி குடும்பத்து வீடும் அப்படி வந்ததுதான். நானூறு வருஷத்து மரச்சட்ட வீடு. பெரிலின் அப்பா வால்டர் டான்டி செத்த மறு வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், அதைக் கழற்றினார்கள்.

பெரில் வீட்டுக்கும் அந்த மியூசியத்துக்கும் நடுவே பன்னிரண்டு மைல். நாற்பது வருஷத்தில் அவள் ஒரு முறைகூடப் போனதில்லை. முழங்கால் வலி என்பாள், பூனைக்கு உடம்பு சரியில்லை என்பாள். பூனை செத்து ஆறு வருஷம் ஆகிறது.

அந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, அடுப்புக்கு வேண்டிய நிலக்கரியைப் போட்டு வைக்கும் பொந்து ஒன்று உண்டு. எல்ம் மரப் பலகைச் சுவர், எல்ம் பலகைக் கதவு, கதவுக்கு வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். பெரிலுக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா பண்ணைக்குப் போகும்போது, இந்தச் சின்னது குளத்தில் விழுந்து தொலையக்கூடாது என்று அவளை அந்தப் பொந்தில் போட்டுத் தாழிடச் சொல்வார். சொல்வது அப்பா. செய்வது வில்ஃப். அவளைவிட நாலு வயது மூத்தவன். தாழிட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவான். அவள் பலகை இடுக்கிலிருந்து ஒரு ஆணியைப் பிடுங்கி வைத்திருந்தாள். மணிக்கு ஒரு முறை ஊர்த் தேவாலயத்து மணி அடிக்கும்போதெல்லாம் இருட்டில் தடவித் தடவி ஒரு கோடு கிழிப்பாள்.

அப்புறம் அவள் வாழ்ந்த வாழ்க்கை முழுக்கத் திறந்த கதவோடுதான். முப்பத்தொரு வருஷம் தபால்காரியாகச் சைக்கிள் மிதித்தாள். மழை, பனி, நாய் எதற்கும் முணுமுணுத்ததில்லை. அலுவலகத்துக்குள் உட்காரும் வேலை கொடுத்தபோதுதான் சண்டை போட்டாள். லிப்டில் ஏற மாட்டாள். கோயிலில் எப்போதும் கதவோரக் கடைசி பெஞ்சு. பிரசங்கம் பிடிக்காமல் ஓடத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள் என்று பாதிரியாருக்கு அவள்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கல்யாணமாகி மூன்றாம் வாரம், அவள் புருஷன் லெஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளியை எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக் குப்பையில் போட்டான். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நல்ல மனுஷன். போய் நாலு வருஷமாகிறது.

ஆக அன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு மணிக்கு பஸ் கிளம்பும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது.

எல்லாரும் இறங்கிய பிறகு டிரைவரிடம் போனாள். "கிளைவ், நான் பஸ்லயே இருந்துக்கிறேன். புத்தகம் கொண்டாந்திருக்கேன்."

"தாராளமா இருங்கம்மா. நான் டீ குடிக்கப் போறேன், கதவை மட்டும் வெளிய பூட்டிட்டுப் போவேன். ஒண்ணும் பயமில்ல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரில் புல்லில் நின்றுகொண்டிருந்தாள்.

காற்றாலை மேட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஆலைக்காரன் வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ் கொடியைப் பார்த்தாள். டீக்கடையில் வெளி மேஜையில் ஒரு கேக்கை ஒன்றரை மணி நேரம் தின்றாள். தூரத்தில் அந்த வீட்டின் கூரையும் புகைபோக்கியும் தெரிந்தன. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நோரீன் கண்டுபிடித்துவிட்டாள். கூடவே வில்ஃப். அறுபத்தொன்பது வயது, பழங்கால அரைக்கோட்டு, நெஞ்சில் பேர் அட்டை. இருபத்தைந்து வருஷமாகப் புதனும் சனியும் கூலி வாங்காமல் வருகிற மனுஷன். பார்க்கிற யாருக்கும் பிடித்துப்போகிற முகம்.

"நம்ம பெரில் வந்துட்டாளா," என்றான். கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை சில்லென்றிருந்தது.

"உனக்காக எல்லாரையும் உள்ள நிறுத்தி வச்சிருக்கேன்," என்றாள் நோரீன். "கேக்கு எங்கயும் ஓடாது, வா."

இருபத்தைந்து பேர் எதிரே மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமில்லை. இந்த மரியாதை இருக்கிறதே, அதைவிடக் கெட்டியான பூட்டு உலகத்தில் இல்லை. ஒருவர் வழி விட, இன்னொருவர் முதுகில் கை வைக்க, பெரில் அந்தச் சமையலறையின் கடைசி மூலைவரை போய்ச் சேர்ந்தாள். வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் முழுக் கூட்டமும் நின்றது. அவள் தோள்பட்டையில் இடித்தது பொந்துக் கதவு. அதே கதவு. தாழ்ப்பாளில் வெள்ளை மையில் குட்டியாக ஒரு நம்பர் எழுதியிருந்தது.

வில்ஃப் ஆரம்பித்தான். கதை சொல்ல அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா. கூரையைச் சொன்னான், அடுப்பைச் சொன்னான், பன்றித்தொடை தொங்கிய கொக்கியைச் சொன்னான். கடைசியில் டார்ச்சை எடுத்தான்.

"இப்பத்தான் விசேஷமே. இந்தப் பொந்துக்குள்ள பின்பலகையில கோடு கோடா கீறியிருக்கும். வி போட்ட மாதிரி. பல்கலைக்கழகத்து ஆள் வந்து பாத்துட்டு அசந்துபோயிட்டாரு. ஆயிரத்தி அறுநூறு வாக்குல சூனியக்காரி வீட்டுக்குள்ள வராம இருக்க மாதாவை நெனச்சு, 'விர்ஜின்'ங்கிறதுக்கு முதலெழுத்தாப் போட்ட காப்புக் குறியாம்."

கூட்டம் 'ஓ' என்றது. இருட்டில் ஒரு கோடு இன்னொன்றின்மேல் சரிந்தால் வி ஆகத்தானே செய்யும்.

"நம்ம பெரிலுக்கு அந்தப் பொந்துன்னா உசுரு," என்று வில்ஃப் சிரித்தான். "சின்னதுல அதுக்குள்ளயேதான் வெளையாடிட்டுக் கெடப்பா. வான்னாலும் வர மாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நோரீன் மட்டும் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது சரி வில்ஃப், தாழ்ப்பாள் ஏன் வெளிய இருக்கு? கரியா எந்திரிச்சு ஓடப்போகுது?"

"பூனைக்கு," என்றான் வில்ஃப். "பூனை உள்ள போயிரும்ல."

"நம்ம வீட்ல பூனையே இல்லையே வில்ஃப்," என்றாள் பெரில்.

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். வில்ஃப் டார்ச்சை அவளிடம் நீட்டினான்.

"நீயே உள்ள போய்க் காட்டேன்," என்றாள் அவள்.

"எனக்கு முதுகு ஆகாது. நான் உள்ள போறதில்ல. வர்றவங்கதான் போய்ப் பாப்பாங்க."

"இருபத்தஞ்சு வருசத்துல ஒரு தடவைகூடவா?"

அவன் டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்போது அவளுக்குப் புரிந்தது, அது யார் போட்ட கோடு என்று இவனுக்குத் தெரியும்.

"அது மாதாவுக்குப் போட்டது இல்ல," என்றாள் பெரில் கூட்டத்தைப் பார்த்து. "நான் போட்டது. மணி அடிக்க அடிக்கப் போட்டது. கீழ் வரிசை மட்டும் நீளமா இருக்கும். அன்னைக்கு எவ்ஷாம் சந்தைக்குப் போன ஜோர்ல இவன் என்னை உள்ள வச்சுத் தாழ் போட்டதையே மறந்துட்டான்."

பின்னால் ஒருத்தி மழை வரும்போல இருக்கிறது என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இன்னொருத்தர் டீ குடிக்க நேரமாகிவிட்டது என்றார். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்கள். நோரீன் கடைசியாக நின்றாள். பெரிலின் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

"எனக்குப் பன்னெண்டு வயசு," என்றான் வில்ஃப்.

"எனக்கு எட்டு."

"இந்தப் பொந்து பின்னால சேத்ததுன்னு சொல்லிப் பிச்சு எரிக்க இருந்தாங்க பெரில். அந்தப் பல்கலைக்கழகத்து ஆள் கோடுகளைப் பாத்துட்டு சூனியக்காரின்னு சொன்னாரு. நான் வாயை மூடிக்கிட்டேன். எரிச்சுட்டா, என்னைக்காச்சும் நீ சொல்றப்ப ஒருத்தனும் நம்ப மாட்டானேன்னு."

"நீ சொல்லியிருக்கலாமே."

"கூச்சம்."

"எரிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்," என்றாள். அவளுக்குக் கோபம் இப்போதுதான் வந்தது, ஐம்பத்தேழு வருஷம் கழித்து. "இந்த வீட்டைக் காப்பாத்த நாப்பது பேர் வந்தீங்க. ஒரு கட்டையை விடல. என்னைக் காப்பாத்த ஒருத்தன் ஒத்தக் கையைத் தூக்கியிருந்தா போதும்."

வில்ஃப் அடுப்பு மேடையில் உட்கார்ந்துவிட்டான். பெரில் பையைத் துழாவி ஒரு காசை எடுத்துத் தாழ்ப்பாளின் திருகாணியில் வைத்துத் திருகினாள்.

"அதைத் தொடாத. நம்பர் போட்டது," என்றான் அவன். பழக்கம் விடுமா.

அவள் நிறுத்தவில்லை. காசு வழுக்கி வழுக்கி விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது வில்ஃப் எழுந்து வந்தான். சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டு, தானே கழற்ற ஆரம்பித்தான். முதல் ஆணி வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. நாலாவது துருவேறி அசையவே இல்லை. கத்தி முனைதான் உடைந்தது. தாழ்ப்பாள் ஒற்றை ஆணியில் தலைகீழாகத் தொங்கியது. இனி அதை யாராலும் யார்மேலும் போட முடியாது. மூன்று ஆணியையும் அவள் உள்ளங்கையில் வைத்தான்.

வாசலில் காலடிச் சத்தம். வெளியூர் ஆட்கள் ஏழெட்டுப் பேர், கையில் மியூசியத்துத் தாள். "இங்கதானே சூனியக்காரிக் கோடு இருக்கு?" என்றார் ஒருவர்.

பெரில் அவர்களைத் தாண்டி வெளியே வந்தாள். பூச்செடிப் பாதையில் பத்தடி வைத்திருப்பாள், பஸ் ஹாரன் கேட்டது. நாலு மணி. உள்ளே வில்ஃபின் குரலும் கேட்டது. அவள் நின்றுவிட்டாள்.

"ஆமாங்க, இங்கதான். ஆனா உங்க தாள்ல போட்டிருக்கிறது தப்பு. அதை என் தங்கச்சி போட்டா. எட்டு வயசுல. வெளிய தாழ்ப்பாள் போட்டது நான்."

தாள் சரசரத்தது. பிறகு ஒரு பெண்குரல், "எவ்வளவு நேரம்?" என்று கேட்டது.

"எண்ணினதில்லம்மா. மணிக்கு ஒரு கோடு. இருங்க, அந்த நீளமான கீழ் வரிசையை எண்ணிச் சொல்றேன்."

பொந்துக் கதவு முனகும் சத்தம் பெரிலுக்குத் தெரியாததா. அவன் முனகிக்கொண்டே குனிவதும் கேட்டது. அப்புறம் அவன் குரல் பலகைக்கு உள்ளேயிருந்து அமுங்கி வந்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

ஹாரன் மறுபடி அடித்தது. ஐந்து வரை நிற்காமல் எண்ணினான். ஆறுக்கு நேரமாயிற்று. பெரில் ஆணிகளைக் கையில் இறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"ஒம்பது," என்றான் வில்ஃப் உள்ளேயிருந்து.

ஒன்பதுதான். பெரில் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.