புல்லின் மீது சுமத்திய பழி

எங்கள் உறவினர் கூடும் இடங்களில் மாமாவின் பருத்தியைப் பற்றிய பேச்சு எழும்; அந்த வெள்ளாமையைக் கெடுத்தது புல்தான் என்று எவரேனும் சொல்லி முடிப்பர். சொல்வோர் குறைந்துவிட்டனர், பழி குறையவில்லை. புல்லின் பக்கம் பேச ஒருவரும் இல்லாமையால் இதனை எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், சுந்தரபாண்டியத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவான கரிசல் நிலம் ஒன்று இருந்தது. அம்மாவுக்கும் அவர் தம்பியான மாமாவுக்கும் பொதுவான அந்நிலத்தில் எவரும் ஏர் பூட்டியதில்லை. கொழுக்கட்டைப்புல்லும் அருகும் மண்டிக் கிடக்கும். அம்மாவின் செவலைப் பசு அங்கேயே மேய்ந்து, அங்கேயே சாணமிட்டு, அங்கேயே படுத்து அசைபோடும். அதன் பாலில் எங்களுக்குப் போக எஞ்சியது தேநீர்க் கடைக்குச் செல்லும். அந்த வருவாய் அம்மாவுக்கே உரியது; அப்பாகூட அதில் தலையிட்டதில்லை.

மாமா இராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. நாள்முழுதும் பிறர் விளைவித்த பஞ்சைக் கையாண்டவருக்குத் தாமும் பருத்தி விளைவிக்கும் வேட்கை பிறந்தது. பசுவுக்காகத் தாழ்ந்த ஓரத்தில் ஒரு பட்டை அளவு புல்லை உழாமல் விட்டுவிட வேண்டும் என்ற உடன்பாட்டின் பேரில் அம்மா இசைந்தார்.

முதலாண்டுப் பருத்தி உரமே இடாமல் என் தோளுக்கு மேல் வளர்ந்தது. மாமா ஆலைத் தோழர்களைப் பேருந்தில் அழைத்து வந்து காட்டினார். செடியிடம் அன்பாகப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுரையும் கூறினார். அடுத்த ஆண்டு செடி என் இடுப்பளவில் நின்றது. நான் வளர்ந்துவிட்டதால் அப்படித் தோன்றுகிறது என்று மாமா விளக்கினார். மூன்றாம் ஆண்டு அடியிலைகள் மஞ்சளாயின. அப்போதுதான் யூரியா வாங்கித் தூவினார். அன்று மாலையே மலைப்பக்கமிருந்து மழை இறங்கிக் கொட்டியது.

சில நாள்களில், பருத்தி மஞ்சளாகவே நிற்க, கீழோரத்துப் புற்பட்டை மட்டும் கரும்பச்சையாய்ச் செழித்தது. மாமா வரப்பில் நின்று நெடுநேரம் பார்த்தார்.

“ஒம் புல்லு எம் ஒரத்த அம்புட்டையும் திங்குதுக்கா. களவாணிப் புல்லு.”

புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

“மூணு வருசமா ஒம் பருத்தி எம் மாட்டுப் புல்லத் தின்னுச்சே, நான் ஏதும் கேட்டனாடா?”

நான் சிரித்தேன். அம்மாவும் மாட்டின் பசியை எண்ணிச் சொன்னாரே தவிர, வேறு பொருள் கருதவில்லை.

உரக் களவு வழக்கில் உறவினர் அனைவரும் மாமாவின் பக்கமே நின்றனர். அடுத்த பருவத்தில் அப்பட்டையும் உழப்பட்டது. மேய இடமற்ற செவலையைக் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிச் சென்றார். அவ்வாண்டு அந்த ஓரத்தில் மட்டும் பருத்தி தழைத்தது. திருடன் பதுக்கியதை மீட்டுவிட்டதாக மாமா மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். மறு ஆண்டு அதுவும் வெளிறியது.

பின்னாளில் மண்ணியல் நூல்களைப் பயின்றபோதுதான் எனக்கு விளங்கியது. புல்வேர்கள் மடிந்து மட்கி, சாணமும் கோமியமும் சேர, மண்ணில் தழைச்சத்து நெடுங்காலம் திரள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாக விடுவிக்க, நெருங்கிய வேர்கள் உடனே பற்றிக்கொள்கின்றன. மழை அடித்துச் செல்ல மிகுவது சொற்பமே. ஏர் அத்திரளைக் கிளறி அவிழ்த்துவிட்டது. முதலாண்டுப் பருத்தி உண்டது அதனைத்தான். பிறகு தூவிய யூரியா மழையோடு சரிவில் ஓடியபோது, அதில் ஒரு பங்கையேனும் பிடித்து நிறுத்தியது அந்த ஓரத்துப் புல். களவாணி என்று பெயர் பெற்றது, அந்நிலத்தில் எஞ்சியிருந்த ஒரே காவல்.

இதில் ஒன்றையும் அறியாமல், தழைத்த அந்தப் பருத்திக்குள் நான் ஓடி விளையாடினேன். அம்மா ஏன் அந்தப் பக்கமே வருவதில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை.

என் மண்ணியல் விளக்கத்தில் பிழை காணும் வல்லுநர் திருத்தி உதவுக. ஆண்டுகள் முன்பின்னாக இருந்தால் உறவினர் சுட்டிக்காட்டுக. செவலை போன பின்பும் அம்மா புல்லறுக்கும் அரிவாளைத் தீட்டியே வைத்திருந்தார் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.