பித்தளை வில்லைக்கு ஒரு பாதுஷா

என் தாய்மாமாவுக்குக் காசு சேர்க்கத் தெரியாது. ஒரு காலத்தில் காசு மாதிரி செலாவணியான வில்லைகளைச் சேர்க்கத் தெரியும். உலக யுத்தத்தின்போது சில்லறைத் தட்டுப்பாடு வந்து, எங்கள் திருவண்ணாமலைக் கடைக்காரர்கள் சிலர் பாக்கிச் சில்லறைக்குப் பதிலாகத் தங்கள் முத்திரை குத்திய பித்தளை வில்லைகளைக் கொடுத்தார்களாம். அவரவர் வில்லை அவரவர் கடையில் மட்டும் செல்லும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு, காயலான் கடைகளில் அவற்றைத் தேடி அலைவார். வில்லை விஷயத்தில் அவர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். நான் தொட வேண்டுமென்றால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அகப்பட்டவற்றில் பாதி, தேரடி வீதி மிட்டாய்க் கடையினுடையவை. விசாரிக்கப் போனோம். கல்லாவில் கடைக்காரரின் மகள் இருந்தார். ஒரு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா குடுத்தது. எப்ப வந்தாலும் செல்லும்னு வாக்கு குடுத்திருக்காரு" என்று அதை வாங்கிக்கொண்டு, ஒரு பாதுஷாவை நீட்டினார். மாமா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் இன்னொரு வில்லை போனது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டுப் போய் இன்னொன்று. எல்லோரும் போனைக் காட்டிப் பணம் கட்ட, மாமா மட்டும் பித்தளையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு இனிப்பே பிடிக்காது. பாதுஷாவெல்லாம் எனக்குத்தான், ஆனாலும் தின்னத் தின்ன வயிறு எரிந்தது. அந்தக் கடையின் கடைசி வில்லையும் தீர்ந்த அன்று மாமா சாப்பிடாமல் படுத்துவிட்டார். சேர்த்ததெல்லாம் போன துக்கம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போனேன்.

"அக்கா, எங்க மாமா பாவம். வில்லையெல்லாம் குடுத்துடுங்க. நான் இனிமே பாதுஷாவே கேக்க மாட்டேன்."

அக்கா சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவை எடுத்தார். அத்தனை வில்லைகளும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன.

"வில்லை இல்லாமயே வரலாம்னு உங்க மாமாகிட்ட சொல்லு."

டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்து, அப்படியே சொன்னேன். மாமா டப்பாவைத் திறக்கவே இல்லை. அக்கா சொன்னதை மட்டும் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். சொத்தை மீட்டுத் தந்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு மாமா தினமும் அந்தக் கடைக்குப் போனார். என்னை ஒருநாளும் கூட்டிப் போகவில்லை. மீட்டுக் கொடுத்தவளுக்கு இதுதான் நன்றியா என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.