வெல்டிங் வைத்த ஜன்னல்

பிஷியா ஆக்ஸா பிளேடை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலின் இரும்புக் கிரில்லில், மூலையில் இருந்த சின்னக் கதவை அசையவிடாமல் பிடித்திருந்த வெல்டிங் கட்டியைத்தான் அறுத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரமாக அறுத்ததற்கு நகத்தால் கீறியது போல ஒரு கோடுதான் விழுந்திருந்தது. பிளேடை நிறுத்தி, பல்லை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"டோஃபுகூட வெட்டாது" என்று அதைச் சிங்க் ஓரத்தில் போட்டாள்.

துறைமுக ஊரான கீலுங்கில் இரும்புக்கு ஆயுசு குறைவு. மழையும் கடல் காற்றும் எதையும் தின்றுவிடும். அந்தக் கிரில்லின் கம்பிகளும் செதில் செதிலாக உரிந்துதான் கிடந்தன. ஆனால் வெல்டிங் வைத்த நாலு இடத்தை மட்டும் துரு தொடவில்லை. வைக்கச் சொன்னது அவள் புருஷன் சிங்ஷுய். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தெருவில் வரிசையாகத் திருட்டு நடந்தது. அவசரத்துக்கு வெளியேற என்று வைத்திருந்த இந்தச் சின்னக் கதவுகள் வழியாகத்தான் திருடன் உள்ளே வந்தான். மற்ற வீடுகளில் பூட்டுப் போட்டார்கள். சிங்ஷுய் பூட்டை நம்பவில்லை. ஆளைக் கூட்டிவந்து நாலு மூலையிலும் பற்றவைத்துவிட்டு, "இனிமே எலிகூட நுழையாது" என்று கையைத் தட்டிக்கொண்டார். பிஷியாவும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் நகரப் பேருந்து ஓட்டியவர். அவள் அதே வண்டியில் விசில் ஊதி டிக்கெட் கிழித்தவள். நடத்துநர் வேலையை ஒழித்தபோது குடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அதுவும் மூடிய பிறகு, வயதானவர்களைப் பராமரிக்கும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, ஒரு முதியோர் இல்லத்தில் யார் யாரையோ குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, ஓய்வும் பெற்றாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த இரண்டாம் வருடம் சிங்ஷுய்க்கு நினைவு கலங்கத் தொடங்கியது. வேலை மறுபடி ஆரம்பம், இந்த முறை விடுப்பு கிடையாது.

எந்த நேரத்திலும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றும் இடத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பிஷியா வாசல் இரும்புக் கதவுக்கு, உள்ளேயும் வெளியேயும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு வைத்தாள். சாவி அவள் கழுத்தில் தொங்கியது. அவர் மதியம் தூங்கும்போது வெளியே பூட்டிவிட்டு மீன் சந்தைக்குப் போய்வருவாள். நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

போன வாரம் பின்தெருவில் ஒரு வீடு எரிந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள், தண்ணீரும் வந்துவிட்டது. கிரில்லை அறுக்கத்தான் நேரமானது. உள்ளே ஒரு அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தெருவே பார்த்தது. பிஷியாவும் பார்த்தாள். அன்றிலிருந்து சந்தைக்குத் தனியாகப் போகவில்லை. இரவில் எழுந்து எழுந்து கேஸ் அடுப்பைப் பார்த்தாள்.

வெல்டிங் ஆட்கள் இரண்டு பேரைப் போனில் கூப்பிட்டாள். "ஏழாம் மாசம் நடக்குது அக்கா. ஆவிங்க எல்லாம் வெளிய திரியற நேரத்துல வீட்டை யாராவது உடைப்பாங்களா? மாசம் முடியட்டும்" என்றான் ஒருவன். இன்னொருவன் போனையே எடுக்கவில்லை. அதனால்தான் ஆக்ஸா பிளேடு. அதுவும் பல்லைக் காட்டிவிட்டது.

சிங்ஷுய்க்குச் சட்டை மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு, தெரு மூலையில் இருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரி யாசூ, இவளைவிடப் பத்து வயது சின்னவள், வாயில் வெற்றிலைப்பாக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. அண்ணன் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார். ஒரு ஸ்டூல் போடு, இல்லன்னா உன் கடைய ஓட்டிட்டுப் போயிடுவார். இரும்பு அறுக்கிற மெஷின் வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். உனக்கா வாங்குவேன்?"

யாசூ சிரித்துவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். பளபளவென்று இருந்தது. "பேட்டரி மாடல். வயர் தொல்லை இல்ல. இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

பிஷியா அதை வலது கையால் தூக்கி, கையை நீட்டிப் பிடித்து, மனதுக்குள் மெதுவாக எண்ணினாள். இருபதை எட்டுவதற்குள் மணிக்கட்டு இறங்கிவிட்டது. "பேட்டரிதான் பாதி எடை. நான் தலைக்கு மேல கையத் தூக்கி அறுக்கணும். வேண்டாம்."

அடுத்தது வயர் வைத்தது. இலேசாக இருந்தது. யாசூ பிளக்கைச் செருகி, பக்கவாட்டில் இருந்த பொத்தானை முன்னால் தள்ளினாள். மெஷின் இரைந்தது. "இப்படித் தள்ளிவிட்டா போதும், அதுபாட்டுக்கு ஓடும். கை வலிக்காது."

"கீழ வை."

"ஓடிட்டு இருக்குக்கா."

"அதான் கீழ வைன்னேன். கை தவறினா என்ன செய்யுதுன்னு பாக்கணும்."

யாசூ தயங்கிக்கொண்டே மேஜைமேல் வைத்தாள். மெஷின் துடித்து, ஆணி டப்பாவைத் தள்ளிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சிங்ஷுய் பக்கமாக நகர்ந்தது. அவர் ஆர்வமாகக் கையை நீட்டினார். பிஷியா வயரைப் பிடுங்கினாள்.

"சக்கர நாற்காலி வாங்கினாலும் நான் முதல்ல பிரேக்கதான் பாப்பேன்" என்றாள். "விட்டா நிக்கிற மாதிரி இருக்கா?"

"இருக்கு. அடியில பட்டை மாதிரி சுவிட்ச். அழுத்திப் பிடிச்சாதான் ஓடும், விட்டா நின்னுடும். ஆனா விரல் நோகும்னு யாரும் வாங்கறதில்ல. அப்பா காலத்துச் சரக்கு."

"என் விரல் நோகறது என் பாடு. அதக் கொண்டா."

தூசி தட்டி வந்த அந்த மெஷினை அவள் ஆராய்ந்தாள். சக்கரம் மாட்டும் தண்டை அசைத்துப் பார்த்தாள், ஆட்டம் இல்லை. பொறி முகத்தில் அடிக்காமல் தடுக்கும் தகட்டை இறுக்கித் திருகினாள், நின்றது. வயர் உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கவில்லை. கடைசியில் கட்டிங் சக்கரங்களைக் கேட்டாள். யாசூ ஒரு கட்டைக் கொடுத்தாள். பிஷியா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுவில் இருந்த இரும்பு வளையத்தில் பொறித்திருந்த தேதியைப் படித்தாள்.

"இது போன வருஷமே செத்துப்போச்சு."

"கல்லுக்கெல்லாமா தேதி பாப்பாங்க?"

"மாத்திரைக்குப் பாக்கறல்ல? இது பசை போட்டு ஒட்டின கல்லு. பசை கெட்டா சுத்தற வேகத்துல உடைஞ்சு கண்ணுல வரும். புதுசு எடு."

"உங்களுக்கு மருமகளா வந்திருந்தா நான் ஓடியே போயிருப்பேன்" என்று யாசூ உள்ளே போனாள்.

சிங்ஷுய் பிஷியாவைப் பார்த்துக் கேட்டார். "இந்த வண்டி எப்பக் கிளம்பும்?"

"பாக்கி ஆளுங்க ஏறட்டும். உக்காருங்க."

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்தாள். அடுப்புக்கு வரும் கேஸை மூடினாள். ஜன்னலுக்குக் கீழே ஈரப் போர்வையை விரித்தாள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தாள். துணிக் கையுறை போடவில்லை. துணி சக்கரத்தில் சிக்கினால் கையும் கூடப் போகும். தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஸ்டூல்மேல் ஏறி, பட்டையை அழுத்தினாள்.

சத்தம் சுவருக்குள் எல்லாம் போனது. பொறிகள் வால் நீட்டிப் பறந்தன. முதல் கட்டி அறுந்தது. இரண்டாவதை அறுத்தபோது கீழேயிருந்து ஒரு குரல் கத்தியது.

"யாருடா அது, என் கூரைமேல வாணவேடிக்கை விடறது?"

மாடியில் இவர்கள், கீழ் வீட்டில் வெய். சந்தில் தீயணைப்பு வழிக்காக விட்டிருந்த இடத்தை இழுத்து, தகரக் கூரை போட்டு, சமையலறை ஆக்கிக்கொண்டவர். அந்தத் தெருவில் எல்லோரும் செய்ததுதான். கொஞ்ச நேரத்தில் ஏணி சாய்த்து, கூரைமேல் ஏறி, கிரில்லுக்கு வெளியே முகத்துக்கு முகம் வந்து நின்றார்.

"டிரைவர் பொஞ்சாதியா! உனக்குக் கிறுக்கா? ஏழாம் மாசத்துல எவனாவது ஜன்னல ஒடப்பானா? வீட்டுக்குள்ள எதெது வந்து குந்துமோ!"

"வந்தா வரட்டும் அண்ணே. வர்றதுக்காவது வழி இருக்கட்டும்."

"திருடன் என் கூரை வழியாத்தான் ஏறுவான். என் கூரைல காலு வெக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

"வீடு பத்திக்கிச்சுன்னா, கதவத் தட்டி உங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு வர்றேன். பின்தெரு அம்மா மாதிரி உள்ள நின்னு கேக்கட்டுமா?"

வெய் கிரில் கம்பியில் கை வைத்தார். அவரும் அன்றைக்குத் தெருவில்தான் நின்றார். கிரில்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆணி வரிசை தெரியுதுல்ல? அதுமேலயே காலு வெச்சு நட. அதுக்கு அடியிலதான் சட்டம் ஓடுது. நடுவுல மிதிச்சே, நேரா என் சட்டிக்குள்ள விழுவ" என்றார். ஏணியில் பாதி இறங்கியவர் மறுபடி தலையைத் தூக்கி, "தண்ணி வாளி வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"வெச்சிருக்கேன்."

நாலாவது கட்டி அறுந்ததும் சின்னக் கதவு தானாகவே ஒரு விரல் அகலம் இறங்கியது. கீல்களில் எண்ணெய் விட்டுத் தள்ளினாள். முனகிக்கொண்டு திறந்தது. மழைத் தூறல் நேராக முகத்தில் விழுந்தது. பிஷியா முதலில் தான் வெளியே போய்ப் பார்த்தாள். ஆணி வரிசையில் கால் வைத்து நாலைந்து எட்டு நடந்தாள், ஏணியின் தலையைத் தொட்டாள், திரும்பினாள். வெளியிலிருந்து பார்க்க வீடு கோழிக்கூண்டு போல இருந்தது. ஏணியில் இறங்கி அப்படியே போய்விடலாம் என்று தோன்றியது. எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தாள். சந்தையைத் தவிர ஓர் இடமும் நினைவுக்கு வரவில்லை. உள்ளே ஏறினாள்.

அடுத்தது அவர். முதியோர் இல்லத்தில் மாதம் ஒருமுறை தீ ஒத்திகை நடக்கும். ஒத்திகை பார்க்காத வழி வழியே இல்லை என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிங்ஷுய்யைக் கூட்டிவந்து ஸ்டூல் முன்னால் நிறுத்தினாள்.

"இந்தாங்க, இதுல ஏறி அந்தப் பக்கம் கால வைங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அவர் திறப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது ஜன்னலு."

"ஆமா. வீட்டுல நெருப்புன்னு வெச்சுக்குங்க."

"நான் என்ன திருடனா, ஜன்னல் வழியாப் போறதுக்கு?"

இழுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். உட்காரவைத்து, முதுகில் கை கொடுத்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கப் பார்த்தாள். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்டீயரிங் பிடித்த கை அது. அவள் எடையைப்போல ஒன்றரை மடங்கு ஆள். மறுபடி முயன்றாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். "திருடனா நான்?" என்று அவர் அழவே ஆரம்பித்துவிட்டார். விட்டுவிட்டாள்.

அவ்வளவு பொறி பறக்கவிட்டு அறுத்தது ஒரு ஆள் போகிற வழி. அந்த ஒரு ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை.

அப்போது வாசலில் தடதடவென்று சத்தம் கேட்டது. அதற்குள் சிங்ஷுய் செருப்பை மாட்டிக்கொண்டு போய் இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "திற! நெருப்புன்னு சொன்னியே, திற!"

பிஷியா ஓடிப்போய்க் கழுத்துச் சாவியை எடுத்துத் துவாரத்தில் வைத்தாள். போகவில்லை. மெஷின் பிடித்த கை மரத்து, விரல்கள் யாருடைய விரல்களோ போல இருந்தன. சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கீறியது. கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. அவர் கதவை அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சாவி நுழைந்து பூட்டுத் திறந்தபோது, அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் அங்கே புகை கிடையாது, இருட்டு கிடையாது.

அன்றைக்கு இராத்திரி அவள் கேஸ் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. படுத்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்தபடி இருந்தாள். அவர் ஜன்னல் வழியாக எந்தக் காலத்திலும் போகமாட்டார். கதவு வழியாகச் சொல்லாமலே போவார். பூட்டு இருக்கிறவரை, நெருப்பு வந்தால் இரண்டுமே அவருக்கு மூடிய வழிதான். பூட்டு இல்லாமல், அவருக்கு மட்டும் திறக்காத கதவு வேண்டும். இல்லத்தில் மறதிக்காரர்கள் இருந்த மாடியில் தாழ்ப்பாளைக் கண் மட்டத்தில் வைக்கமாட்டார்கள். அவர்கள் கைப்பிடி இருக்கும் உயரத்தில் தேடுவார்கள், கீழே குனிந்து பார்க்கமாட்டார்கள். ஆனால் உள்தாழ்ப்பாள் மட்டும் என்றால் அவரை விட்டுவிட்டு வெளியே பூட்டிப் போக முடியாது. மதியச் சந்தை போய்விடும். அதையும் யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக அவரோடு போய் நின்றாள். "நேத்து அறுக்க வந்தீங்க, இன்னைக்கு மூடவா?" என்றாள் யாசூ. பிஷியா தாழ்ப்பாள் மூன்றை இழுத்து இழுத்துப் பார்த்து, மரத்த விரலுக்கும் வழுக்காத பெரிய குமிழ் இருந்ததை எடுத்துக்கொண்டாள். டிரில் மெஷினை வெய்யிடம் இரவல் கேட்டாள். அவர் கொடுத்த டிரில் பிட்டை ஓடவிட்டு முனையைப் பார்த்தாள், வட்டம் போட்டது. "வளைஞ்சிருக்கு அண்ணே, வேற குடுங்க" என்றாள். "ஓசிக்கு வாங்கறவ பல்லைப் புடிச்சுப் பாக்கறா" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் வேறு கொடுத்தார். கதவின் அடியில், தரையோடு தரையாக, ஆணியால் தட்டிக் குறி போட்டு, சமையல் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, அவசரப்படாமல் துளைத்தாள். தாழ்ப்பாளை முடுக்கி முடித்ததும் பழைய பூட்டைக் கழற்றி எடுத்தாள்.

சிங்ஷுய் வந்து கதவின் நடுவில் தடவினார், மேலே தடவினார். "கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

பிஷியா சந்தைக் கூடையை எடுத்தாள். அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். குனிந்து தாழ்ப்பாளை ஒரே இழுப்பில் திறந்து, அவருக்கு ஒரு படி கீழே தான் நின்றுகொண்டு, கையைக் கொடுத்து இறக்கினாள்.