எட்டு மணிக்குப் பவானி நடித்தது

போன வருஷம் நகரி என்ற ஊரில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிபடவே இல்லை. அதனால் பாடத்தை நாடகமாக்கினேன். நான் மணியைச் சொல்வேன்; அந்த நேரத்தில் வீட்டில் நடப்பதை ஒரு பிள்ளை நடித்துக் காட்ட வேண்டும்.

"ராத்திரி எட்டு மணி" என்றதும் பவானி எழுந்து வந்தாள். அவள் அம்மா விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். தறி சரியாக ஓடாமல் கூலி குறைந்திருந்த சமயம் அது. பவானி அம்மாவாகவே மாறி, இல்லாத தட்டில் இல்லாத சோற்றைப் போட்டு, "நான் அப்பவே துன்னுட்டேன், நீ துன்னு கண்ணு" என்றாள். பிறகு திரும்பி நின்று, சட்டியை விரலால் வழித்து வாயில் வைத்துவிட்டு, செம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெற்றோர் கூட்டத்திலும் அதையே நடிக்க வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பவானியின் அம்மா மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

கூட்டம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"உங்க மேல கோவம் இல்ல டீச்சர். நான் துன்னாதது இவளுக்குத் தெரியாதுன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். இனிமே இவள எப்டி துன்ன வைக்கிறது?" என்றார்.

மறுநாள் மதிய உணவில் பவானி முட்டையைத் தொடவில்லை. கேட்டதற்கு, "அம்மாவுக்கு எடுத்துக்கினு போறேன்" என்றாள்.

இன்றும் நாடகம் வைத்துத்தான் பாடம் சொல்லித்தருகிறேன். பெற்றோர் முன்னால் மட்டும் எதையும் நடிக்க வைப்பதில்லை. ஒரு தாய் பொய் சொல்லியாவது பிள்ளையின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யை நான் உடைத்துவிட்டேன்.