சரஸ்வதி பூசையில் ஒரு விமானி

போன வருடம், பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். என் மகள், கணக்குப் புத்தகத்துக்கு மேல் தன்னுடைய பிரெஞ்சுப் படப் புத்தகம் ஒன்றை வைத்தாள். அட்டையில் விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"பாடப் புத்தகத்தை வை பிள்ளை. இது கதைப் புத்தகமெல்லோ?" என்றார் என் மச்சாள், கணவரின் அக்கா.

"இல்லை மாமி, இவ உண்மையா இருந்தவ. அமெரிக்காவில கறுப்புப் பொம்பிளைக்குப் பிளேன் ஓட்டப் பழக்கமாட்டம் எண்டிட்டினம். அதுதான் பிரெஞ்சு படிச்சு, பிரான்சுக்குப் போய்ப் பழகினவ." பிறகு என்னைக் காட்டினாள். "அம்மாவும் வளந்தாப் பிறகு பிரெஞ்சு படிக்கிறா தானே. இவவைப் போலதான்."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. உச்சரிப்புக்குப் பயந்து, மூலைக்கடையில்கூட 'மெர்சி' என்ற ஒரு நன்றியோடு நிறுத்திக்கொள்பவள் நான்.

மச்சாள் அந்தப் புத்தகத்தின் மேல் தன் கையாலேயே ஒரு பூ வைத்தார்.

விஜயதசமிக் காலையில் பூசையில் வைத்த புத்தகத்தை எடுத்து ஆளுக்கு நாலு வரி வாசிப்பது எங்கள் வழக்கம். மகள் அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தடுக்கித் தடுக்கி ஒரு பக்கம் முழுவதையும் சத்தமாக வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, 'பாருங்கோ, என்ர அம்மா' என்பதுபோல மாமியைப் பார்த்தாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்துக் காட்டி ஏடு தொடக்குகிற நாள் அது. எங்கள் வீட்டில் அன்று ஏடு தொடக்கியது எனக்கு.