சாமி படத்தின் மேல் பெருக்கல் குறி

கண்ணுகளா, மூத்தவளுக்குக் காது குத்திய படங்களை ஆல்பத்தில் பார்த்திருக்கிறீர்கள். அவற்றை நம் பழைய கம்ப்யூட்டர் விடாமல் பிடித்துவைத்த கதை உங்களுக்குத் தெரியாது.

மலையடிவாரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் எல்லாப் படங்களையும் ஒரே சிடியில் போட்டு பஸ்ஸில் அனுப்பியிருந்தார். வேண்டிய படங்களைச் சீட்டில் குறித்து மதிய பஸ்ஸில் சிடியைத் திருப்பினால், சாயங்காலமே அச்சுப்போட்டுவிடுவார். கண் ஆபரேஷன் ஆகி அங்கேயே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அப்புச்சிக்கு, அதாவது உங்கள் அம்மாவின் அப்பாவுக்கு, மறுநாள் கட்டு அவிழ்ப்பார்கள். அவிழ்த்ததும் பேத்தி முகத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

நம்முடையது லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். சிடியை எடுக்கும் முன் ‘அன்மவுண்ட்’ செய்யவேண்டும், அதாவது அதை விட்டுவிடச் சொல்லவேண்டும். சிடியிலிருக்கும் எதையாவது திறந்துவைத்திருந்தால் ‘பிஸி’ என்று சொல்லிவிடும். பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் சிடித் தட்டு வெளியே வராது. அன்றைக்கும் ‘பிஸி’தான். வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

“எல்லாப் படத்தையும் மூடிட்டயா புள்ள?” என்று கேட்டேன்.

“மூடிட்டேனுங்க, மொதப் படத்தத் தவுத்து,” என்றாள் உங்கள் அம்மா. அலங்காரம் செய்த சாமி படம் அது. அதைச் சின்னதாக்கித் திரையின் அடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

“அதையும் மூடு. மூலையில பெருக்கல் குறி இருக்குது பாரு.”

“சாமி தலைக்கு மேல பெருக்கல் போடறதுங்களா? பரிச்சைப் பேப்பர்ல தப்புக்குப் போடற குறிங்க அது!”

“நீ நகரு, நான் போடறேன்.”

“நீங்க போட்டாலும் குத்தம் இந்த ஊட்டுக்குத்தானுங்க!”

வெளியே டிரைவர் கத்தினார்: “ஏனுங்ணா, சிடி வருதுங்களா, இல்ல பஸ்ஸ உங்க ஊட்டுக்குள்ள கொண்டாரட்டுங்களா?”

வேறு வழியில்லாமல் சாமி படத்தைப் பெரிதாக்கி, அதே ஜன்னலில் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். வந்தது நான். பந்தியில், வாய் நிறையக் கேசரி, கண் பாதி செருகி.

“இதுக்குப் போடலாமா?”

“இதுக்குத் தாராளமாப் போடலாமுங்க!” என்று மவுஸைப் பிடுங்கி அவளே ஒரே அமுக்காக அமுக்கினாள். மறுபடி அன்மவுண்ட் கொடுத்தேன். தட்டு நாக்கை நீட்டியது. நகர ஆரம்பித்திருந்த பஸ்ஸின் பின்னால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி, சிடியையும் சீட்டையும் டிரைவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் அப்புச்சி போன் செய்தார்; எடுத்தது நான். “பேத்தி ராசாத்தியாட்டம் இருக்கறா. கூட மாப்ள படமும் ஒண்ணு வந்துருக்குது. வாய்ல இருக்கறத முழுங்கிட்டாருங்களா?”

அச்சுப்போட வேண்டிய படங்களைக் குறித்துக்கொடுத்தது நானில்லை. மீதியை உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.